விசில் அடிக்கும் காவல்காரன்

மூன்றாம் ஆண்டு, கருவியியல் மற்றும் கட்டுப்பாட்டுத் துறை மாணவன்



காலையில் என்னை எழுப்புவது அலாரம் இல்லை, எங்க வீட்டுக் குக்கர். மூணாவது விசில் கேட்டால் நான் எழுந்தாகணும், இல்லேன்னா பஸ் போயிடும். பத்தாம் வகுப்பு முடிக்கிற வரைக்கும் அந்த விசிலைப் பற்றி நான் ஒரு நிமிஷம்கூட யோசித்தது கிடையாது. அதற்குப் பின்னால் 300 வருஷத்துக்கும் மேலான ஒரு கதை இருக்கு, அந்தக் கதைக்கு ஒரு நாயகன் இருக்கிறார், அவர் பெயர் டெனிஸ் பாப்பின் என்பதெல்லாம் நம் கல்லூரி நூலகத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

ஆண்டு மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடு என்று மன்றச் செயலாளர் கேட்டபோது எனக்கு உடனே அவர்தான் ஞாபகம் வந்தார். காரணம் இரண்டு. ஒன்று, நம்ம துறையில் நாம் படிக்கிற பாதுகாப்புக் கருவிகளுக்கெல்லாம் அவர் பாட்டன் முறை. இரண்டாவது காரணம், எங்க அப்பாவோட வலது கை. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பாப்பினைப் பார்ப்போம்.

மருத்துவம் படித்த மெக்கானிக்

1647-ம் ஆண்டு ஆகஸ்ட் 22-ம் தேதி, பிரான்சு நாட்டில் புளுவா என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவர் பாப்பின். அவருடைய குடும்பம் புராட்டஸ்டன்ட் மதப்பிரிவைச் சேர்ந்தது. கத்தோலிக்க அரசர் ஆண்ட நாட்டில் அவர்கள் சிறுபான்மையினர். இந்த ஒரு விஷயம் பின்னால் அவர் வாழ்க்கையையே திசை மாற்றப் போகிறது.

வீட்டில் அவரை மருத்துவம் படிக்க வைத்தார்கள். 1669-ல் ஆன்ஜே பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். ஆனால் மனசு நாடி பிடிக்கிறதில் இல்லை, இயந்திரத்தில் இருந்தது. பாரீஸுக்குப் போய், ஊசல் கடிகாரத்தைக் கண்டுபிடித்த ஹைஜென்ஸிடம் உதவியாளராகச் சேர்ந்தார். காற்றை உறிஞ்சி எடுக்கும் பம்புகளைச் செய்வதும், வெற்றிடத்தில் சோதனை பண்ணுவதும்தான் வேலை. அந்தச் சோதனைகளைப் பற்றி 1674-ல் ஒரு நூலும் வெளியிட்டார். கணித மேதை லைப்னிட்ஸ் பழக்கமானதும் அங்கேதான். அந்த நட்பு கடிதம் மூலமாகவே பல வருஷம் நீடித்தது.

1675-ல் பாப்பின் கடல் தாண்டி லண்டன் போனார். பாயில் விதியை நாம் எல்லோரும் முதல் வருஷத்தில் மனப்பாடம் பண்ணினோம் இல்லையா? அந்த ராபர்ட் பாயிலிடமே வேலைக்குச் சேர்ந்தார்! அழுத்தம், கனஅளவு, காற்று, நீராவி என்று கை நிறையப் பயிற்சி கிடைத்தது.

எலும்பை வேக வைத்த பாத்திரம்

1679-ல் பாப்பின் லண்டன் ராயல் சொசைட்டி விஞ்ஞானிகளிடம் ஒரு பாத்திரத்தைக் காட்டினார். தடித்த உலோகப் பாத்திரம், மேலே மூடி, மூடியை அசையாமல் பிடிக்க இரும்புப் பட்டையும் திருகும். உள்ளே தண்ணீரும் மாட்டு எலும்பும். கீழே நெருப்பு. இதற்கு டைஜெஸ்டர் என்று பெயர் வைத்தார். நம்ம வீட்டுக் குக்கரின் கொள்ளுத்தாத்தா இதுதான்.

இதில் என்ன அதிசயம்? திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். எவ்வளவு விறகு வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. மூடிவிட்டால் கதையே வேறு. வெளியேற வழியில்லாத நீராவி தண்ணீரை அழுத்தும். அழுத்தம் கூடக்கூட கொதிநிலையும் கூடும். காற்றழுத்தத்தைப்போல இரண்டு மடங்கு ஆனால் சுமார் 120 டிகிரி. நம்ம குக்கர் வேலை செய்வது இந்த இடத்தில்தான். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கிற வரைக்கும் அழுத்தமும் வெப்பமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, ஒன்று ஏறினால் இன்னொன்றும் ஏறும்.

ஆனால் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நம்பகமான பாதரசத் தெர்மாமீட்டரை ஃபாரன்ஹீட் செய்தது 1714-ல். பாப்பினிடம் அப்படி ஒன்றும் இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? மூடியின் மேலே ஒரு சின்னக் குழி வைத்து, அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். பக்கத்தில் ஒரு ஊசலை ஆட விட்டு, அந்தச் சொட்டு ஆவியாகிப் போவதற்குள் ஊசல் எத்தனை தடவை ஆடுகிறது என்று எண்ணினார். எண்ணிக்கை குறைந்தால் சூடு அதிகம்! கையில் கருவி இல்லை என்று ஆராய்ச்சியை நிறுத்தவில்லை, இருப்பதை வைத்து அளந்தார். லேபில் மீட்டர் சரியில்லை என்று ரெக்கார்டு நோட்டை மூடி வைக்கிற நாம் இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

தூக்குக்கோல் செய்த காவல்

சூட்டை அளந்தாச்சு. ஆனால் அளந்தால் மட்டும் போதுமா? நெருப்பைப் பார்த்துக்கொள்கிற ஆள் கொஞ்சம் கண் அசந்தால் பாத்திரம் வெடிகுண்டாகிவிடும். ஆகவே மூடியில் ஒரு சின்னக் குழாய் வைத்து, அதன் வாயை ஒரு அடைப்பால் மூடினார். அடைப்பின் மேல் ஒரு இரும்புக் கம்பி. கம்பியின் ஒரு முனை நிலையாக மாட்டியிருக்கும், மறு முனையில் எடைக்கல் தொங்கும். சந்தையில் புளி, மிளகாய் நிறுக்கிற தூக்குக்கோலைப் பார்த்திருப்பீர்களே, அந்தத் தத்துவம்தான். கல்லைத் தள்ளித் தள்ளி வைத்தால் அடைப்பின் மேல் விழும் பாரம் மாறும். உள்ளே இருக்கிற நீராவி அந்தப் பாரத்தை மிஞ்சியதும் அடைப்பைத் தூக்கிக்கொண்டு தானாக வெளியேறிவிடும். இதுதான் சேஃப்டி வால்வு!

இதன் அருமை எங்கே இருக்கிறது என்றால், அதற்கு யாருடைய தயவும் வேண்டாம். சமைக்கிறவர் விழித்திருக்கணும் என்றில்லை, கணக்குத் தெரிந்திருக்கணும் என்றில்லை. சீக்கிரம் வேகணும் என்று அவசரப்படுகிற ஆளின் பேச்சையும் அது கேட்காது. வரம்பு வந்தால் திறக்கும், அவ்வளவுதான்.

1680-ல் பாப்பின் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1681-ல் டைஜெஸ்டரைப் பற்றிப் படங்களோடு புத்தகம் வெளியிட்டார். 1682 ஏப்ரலில் ராயல் சொசைட்டிக்காரர்கள் சிலருக்கு டைஜெஸ்டரிலேயே சமைத்து விருந்து வைத்தார். விருந்தில் கலந்துகொண்ட ஜான் ஈவ்லின், கெட்டி எலும்புகூட எப்படி மெத்தென்று வெந்திருந்தது என்று டைரியில் ஆச்சரியப்பட்டு எழுதி வைத்திருக்கிறார்.

ஊர் இல்லாத மனிதர்

இதற்குப் பிறகு பாப்பின் இத்தாலியில் வெனிஸ் நகரத்துக்குப் போனார், 1684-ல் மறுபடி லண்டன் வந்தார். ராயல் சொசைட்டியில் சோதனைகளைச் செய்து காட்டுகிற தற்காலிக வேலை கிடைத்தது. அடுத்த வருஷமே இடி விழுந்தது. 1685-ல் பிரான்சு அரசர் பதினான்காம் லூயி, புராட்டஸ்டன்ட்களுக்கு இருந்த மத உரிமையை ரத்து செய்தார். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நாட்டை விட்டு ஓடின. வெளியூரில் இருந்த பாப்பினுக்குத் திரும்பிப் போக ஊரே இல்லாமல் போனது.

ஜெர்மனியில் ஹெஸ்ஸே-காசெல் என்ற சிற்றரசின் மன்னர் கார்ல் அவரை அழைத்தார். மார்பர்க் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் ஆனார். அங்கே இருக்கும்போதுதான், 1690-ல், அவருடைய மிகப் பெரிய யோசனை அச்சில் வந்தது. ஒரு சிலிண்டர், அதற்குள் கொஞ்சம் தண்ணீர், மேலே பிஸ்டன். கீழே சூடு பண்ணினால் நீராவி பிஸ்டனை மேலே தூக்கும். சூட்டை எடுத்துவிட்டால் நீராவி குளிர்ந்து தண்ணீராகும், உள்ளே வெற்றிடம் உண்டாகும், வெளிக்காற்று பிஸ்டனைக் கீழே அழுத்தும். அந்த அழுத்தத்தில் பாரம் தூக்கலாம். நீராவி எஞ்சினுக்கு ஜேம்ஸ் வாட் பெயரை மட்டும் சொல்லிப் பழகிய நமக்கு, வாட் பிறப்பதற்கு 46 வருஷம் முன்னாடியே ஒருவர் இதை எழுதியிருக்கிறார் என்றால் ஆச்சரியமாக இல்லையா? ஆனால் பாப்பின் செய்தது சின்ன மாதிரி மட்டும்தான். பெரிய சிலிண்டரைச் சரியாகக் கடைந்தெடுக்க அப்போது வசதியும் இல்லை, அவரிடம் பணமும் இல்லை.

1707 செப்டம்பரில் இன்னொரு அடி. துடுப்புச் சக்கரம் வைத்த ஒரு படகைக் கட்டி, குடும்பத்தோடு ஃபுல்டா ஆற்றில் கிளம்பினார். அதை நீராவிப் படகு என்று சில புத்தகங்களில் போட்டிருக்கும். அது சரியில்லை, ஆள் சுற்றுகிற சக்கரம்தான். எப்படியாவது இங்கிலாந்து போய், அதில் நீராவி எஞ்சின் வைத்துக் காட்டணும் என்பது அவர் கனவு. முண்டன் என்ற இடத்தில் படகோட்டிகள் சங்கத்துக்காரர்கள் மறித்தார்கள். அந்த ஆற்றில் படகு விடும் உரிமை எங்களுக்குத்தான் என்று சொல்லிப் படகைப் பிடுங்கி உடைத்துப் போட்டார்கள். அறுபது வயது மனிதரின் வருஷக்கணக்கான உழைப்பு அன்றைக்கு ஆற்றங்கரையில் விறகாகக் கிடந்தது.

வெறுங்கையோடு லண்டன் போய்ச் சேர்ந்தார். தெரிந்தவர்கள் பலர் இப்போது உயிரோடு இல்லை. ராயல் சொசைட்டிக்கு ஐசக் நியூட்டன் தலைவர். சோதனைக்குப் பணம் கேட்டுப் பாப்பின் மனு மேல் மனு போட்டார், பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. அவருக்காகப் பேச யாரும் இல்லை. சிபாரிசு இல்லாத ஆளுக்குக் கதவு திறக்காது என்பது எல்லா நாட்டிலும், எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறது! 1712 ஜனவரியில் எழுதிய கடிதத்துக்குப் பிறகு அவரிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை. அவர் என்ன ஆனார் என்றே ரொம்ப நாள் தெரியாமல் இருந்தது. 1713 ஆகஸ்ட் 26-ல் அவர் பெயரில் ஒருவரை அடக்கம் செய்த குறிப்பு, லண்டன் செயின்ட் பிரைட்ஸ் தேவாலயப் பதிவேட்டில் இருக்கிறது. 66 வயது முடிந்து நாலே நாள்.

வாயைக் கட்டினால் வரும் வினை

ஆள் போனாலும் வால்வு போகவில்லை. தாமஸ் சேவரி என்பவர் 1698-ல் காப்புரிமை வாங்கிய நீராவிப் பம்பில் முதலில் சேஃப்டி வால்வு கிடையாது. 1717 வாக்கில் டெசாகுலியே என்ற அறிஞர் அதே வகைப் பம்பைச் செய்தபோது பாப்பினின் வால்வையும் சேர்த்துப் பொருத்தினார். அவரும் பாப்பின் மாதிரியே பிரான்சை விட்டு வந்த புராட்டஸ்டன்ட் குடும்பத்துப் பிள்ளைதான். அதற்கப்புறம் பாய்லர் என்றால் சேஃப்டி வால்வு என்று ஆகிப்போச்சு.

ஆனால் காவல்காரனை வைத்தால் மட்டும் போதாது, அவன் வாயைக் கட்டாமலும் இருக்கணும். அமெரிக்காவில் சார்லஸ்டன் நகரத்தில் 1831 ஜூன் 17-ல் ஒரு ரயில் எஞ்சின் வெடித்தது. சேஃப்டி வால்விலிருந்து நீராவி சீறுகிற சத்தம் தொல்லையாக இருக்கிறது என்று, நெருப்புப் போடுகிற ஃபயர்மேன் வால்வை மூடி அழுத்திவிட்டார் என்பது வரலாறு. பாய்லர் வெடித்ததில் அந்த ஃபயர்மேனே இறந்து போனார். பழி முழுக்க அவர் தலையில். படிக்கும்போது எனக்கு ஒரு கேள்வி வந்தது. அது ஏன் சீறுகிறது என்று அந்த மனுஷனுக்கு யாராவது உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருப்பார்களா?

எங்க அப்பாவும் ஒரு வகையில் ஃபயர்மேன்தான். பள்ளிக்கூடம் போகாதவர். ஒரு பட்டறையில், பெயர் வேண்டாம், பெயிண்ட் உலர்த்தும் மின்சார ஓவனில் 15 வருஷம் ஹெல்பர். ஓவனில் வழக்கமாக 180 டிகிரி. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு கண்ட்ரோலர். அது போக, 220 டிகிரியைத் தாண்டினால் கரண்டை வெட்டுவதற்கு லிமிட் கண்ட்ரோலர் என்று தனியாக ஒன்று. இந்த இரண்டாவது பெட்டி ராத்திரி ஷிஃப்டில் அடிக்கடி ட்ரிப் ஆகும். அப்பா ஏணி வைத்து ஏறி ரீசெட் பட்டனை அழுத்தணும், வேலை நிற்கும், திட்டு விழும். ஒருநாள் எலக்ட்ரீஷியன் வந்து, லிமிட் கண்ட்ரோலரின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டார். டார்ச் பிடித்தது எங்க அப்பா. தொல்லை விட்டது என்று அவருக்கும் சந்தோஷம்தான்.

சில மாதம் கழித்து ஒரு ராத்திரி, ஹீட்டரை ஓட்டுகிற கான்டாக்டரின் பாயிண்டுகள் உருகி ஒட்டிக்கொண்டன. கண்ட்ரோலர் நிறுத்தச் சொன்னாலும் கரண்ட் நிற்கவில்லை. அப்பா அப்போது டீ குடிக்கப் போயிருந்தார். திரும்பி வரும்போது கதவு இடுக்கில் புகை. மெயினை அணைக்க ஓடுவதற்குள் உள்ளே தீப்பிடித்து, கதவுப் பக்கம் இருந்த வலது கை முழங்கை வரைக்கும் வெந்து போனது. விசாரித்தவர்கள் முடிவு கட்டியது, ஓவனை விட்டுட்டு டீக்குப் போனதுதான் தப்பு என்று. அப்பாவும் அதையே நம்பினார். பல வருஷமாக எங்க வீட்டில் அந்த ராத்திரியைப் பற்றிப் பேச்செடுத்தால், அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

இரண்டாம் வருஷத்தில் லிமிட் கண்ட்ரோலர் பாடம் நடந்த அன்றைக்கு எனக்கு வகுப்பில் உட்கார முடியவில்லை. நண்பர்களே, நாலு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். லிமிட் கண்ட்ரோலருக்கு சொந்தமாக ஒரு சென்சார் இருக்கணும், மெயின் கண்ட்ரோலரின் தெர்மோகப்பிளை அது கடன் வாங்கக்கூடாது. சொந்தமாக ஒரு கான்டாக்டர் இருக்கணும், ஒன்று ஒட்டிக்கொண்டால் இன்னொன்று வெட்டும். ஒருமுறை ட்ரிப் ஆனால் சூடு இறங்கினாலும் தானாகத் திரும்பி வராது, மனுஷன் வந்து என்ன ஆச்சு என்று பார்த்து ரீசெட் பண்ணணும். சென்சார் அறுந்தாலும் அது ட்ரிப் ஆகும், கண் தெரியாத காவல்காரன் கதவைத் திறந்து வைக்கக்கூடாது இல்லையா!

அன்று சாயங்காலம் வீட்டுக் குக்கர் மூடியை அப்பா முன்னால் வைத்தேன். நடுவில் இருக்கிற வெயிட்டைக் காட்டி, இது தினமும் வேலை செய்கிற கண்ட்ரோலர் என்றேன். பக்கத்தில் இருக்கிற சின்ன சேஃப்டி வால்வைக் காட்டி, வெயிட் அடைத்துக்கொண்டு சூடு எல்லை மீறினால் இதற்குள் இருக்கிற உலோகம் உருகி நீராவியை விடும், வேறு வால்வு மாற்றாமல் குக்கரை மறுபடி வைக்க முடியாது, உங்க ஓவனில் இரண்டாவது பெட்டி இதுதான் என்றேன். எட்டு மணி நேரம் ஒரு மனுஷனால் முள்ளையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அவன் டீக்குப் போவான் என்று தெரிந்துதான் அந்தப் பெட்டியையே வைக்கிறார்கள் என்று சொன்னேன். அப்பா மூடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போ அந்த வயர்தானா என்று மட்டும் கேட்டார். ஆமாம்பா என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அன்றைக்கு டீயை முழுசாகக் குடித்தார்.

போன விடுமுறையில் இன்னொரு தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குப் போனேன். அங்கேயும் ஒரு லிமிட் கண்ட்ரோலரில் அதே மாதிரி ஒரு துண்டு வயர்! இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. சர்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போட மாட்டார்களோ என்ற பயம். மூன்றாம் நாள், ஃபிட்டர் அண்ணனிடம் அப்பா கையைப் பற்றிச் சொல்லி, இது ஏன் ட்ரிப் ஆகுது, ஒரு தடவை பார்க்கலாமா அண்ணே என்று கேட்டேன். அவர் முதலில் சிரித்தார், அப்புறம் வந்தார். சப்ளையை நிறுத்திவிட்டுத் திறந்து பார்த்தால், தெர்மோகப்பிள் வயர் டெர்மினலில் லூசாக இருந்தது. ஓவன் அதிரும்போதெல்லாம் தொடர்பு விட்டுப் போய், சென்சார் அறுந்ததாக நினைத்து அது ட்ரிப் ஆகியிருக்கிறது. அது செய்தது சரிதான்! திருகை முடுக்கினோம், துண்டு வயரை எடுத்தோம். நான் இருந்த மிச்ச நாள் பூராவும் அது ஒரு தடவைகூட ட்ரிப் ஆகவில்லை.

பாப்பின் பணம் சேர்க்கவில்லை, வீடு கட்டவில்லை, செத்த சேதிகூட ஊருக்குத் தெரியவில்லை. ஆனால் அவருடைய காவல்காரன் இன்றைக்கும் நம்ம வீட்டு அடுப்பிலும், ஊரில் இருக்கிற ஒவ்வொரு பாய்லரிலும் நின்றுகொண்டிருக்கிறான். இன்னும் சில மாதத்தில் நாம் டிப்ளமோ முடித்து ஆளுக்கொரு தொழிற்சாலையில் இருப்போம். ட்ரிப் ஆகுது, ஒரு வயர் போட்டு விடுப்பா என்று நம்மிடமும் ஒருநாள் சொல்வார்கள். அன்றைக்கு வயரை எடுப்பதற்கு முன்னால், ஏன் ட்ரிப் ஆச்சு என்று ஒரு பத்து நிமிஷம் பாருங்கள் நண்பர்களே. பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கிறது யாரோ ஒருத்தரோட அப்பாவாக இருக்கலாம்.